சுகர் ரிசல்ட் நன்றாக வந்தால் கொண்டாடலாமா? ஓர் அரைக் கிலோ மைசூர்பாக் விவகாரம்

பெரம்பூரிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவர் அப்பாவுக்கு 58 வயது. சுகர் இருப்பது தெரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. எட்டு மாதம் முன்பு எடுத்த ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாத சராசரி சுகரைக் காட்டுகிற டெஸ்ட்) 9.4, போன வாரம் எடுத்தது 6.9. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும் போடுகிறார். ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் அப்பா அரைக் கிலோ நெய் மைசூர்பாக்கோடு வீட்டுக்கு வந்து, "நான் பாஸ் பண்ணிட்டேன்" என்று டப்பாவை நீட்டியிருக்கிறார். அம்மா அதைப் பிடுங்கி மேல் ஷெல்ஃபில் வைத்துவிட்டு அப்பாவைத் திட்டித் தீர்த்துவிட்டார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. "கொண்டாடுவது தப்பா? கொண்டாடினால் எப்படிக் கொண்டாடுவது? இனிமேல் மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா என்று அப்பா கேட்கிறார், என்ன சொல்ல?" இதுதான் கேள்வி.

முதலில் அப்பாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லிவிடுங்கள். சென்னையில் ஒரு சுகர் கிளினிக்கில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். ரிப்போர்ட்டோடு என் எதிரில் வந்து உட்காருபவர்களில், நல்ல ரிசல்ட் வந்தவர்கள்கூட சிரிக்கத் தயங்குவார்கள். "கண்ணு பட்டுடும் மேடம்", "அடுத்த தடவை ஏறாம இருக்கணுமே" என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வார்கள். உங்கள் அப்பா கடைக்குப் போய் ஸ்வீட் வாங்கி வந்திருக்கிறார் என்றால், மனுஷனுக்குத் தான் செய்த காரியத்தில் பெருமை இருக்கிறது என்று அர்த்தம். அதை மட்டம் தட்டிவிடாதீர்கள். கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் 6.9 என்ற எண்ணைக் கொண்டாடினால் அடுத்த எண் வரும்போது சிக்கல். எட்டு மாதமாக உங்கள் வீட்டில் என்ன மாறியதோ அதைக் கொண்டாடுங்கள். ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்று புரிய, இந்த டெஸ்ட் என்ன பார்க்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரை, சிவப்பணுவில் இருக்கிற ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது ஒட்டியதுதான், அந்த அணு சாகிறவரை விடாது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எத்தனை சதவீத ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று எண்ணினால், கடந்த இரண்டு மூன்று மாத சராசரி தெரிந்துவிடும். அதிலும் கடைசி ஒரு மாதத்தின் பங்குதான் பாதி. 9.4 என்றால் இரவு பகல் எல்லாம் சேர்த்து சராசரி சுமார் 223. 6.9 என்றால் சுமார் 151. இருபத்து நாலு மணி நேரமும் எழுபது புள்ளி குறைந்திருக்கிறது. டெஸ்டுக்கு நாலு நாள் முன்பு மட்டும் சோற்றைக் குறைத்து, வெந்தயத் தண்ணீர் குடித்து, வெறும் வயிற்று சுகரை அழகாகக் காட்டிவிடுகிறவர்கள் இந்த ஊரில் நிறைய. ஹெச்பிஏ1சி-யிடம் அந்த வேலை நடக்காது. உங்கள் அப்பாவுடைய 6.9 நிஜமாகவே உழைத்து வாங்கியது.

அந்த உழைப்புக்குக் கிடைப்பது என்ன? இங்கிலாந்தில் 1977-ல் ஆரம்பித்து, 1998-ல் முக்கிய முடிவுகள் வெளியான யுகேபிடிஎஸ் என்ற பெரிய ஆய்வு இருக்கிறது. சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் புதிதாக சுகர் வந்தவர்கள். அந்தத் தரவுகளைப் பார்த்தபோது, ஹெச்பிஏ1சி ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் மாதிரி சின்ன ரத்தக் குழாய்ப் பாதிப்புகள் 37 சதவீதமும், மாரடைப்பு 14 சதவீதமும் குறைவாக இருந்தது. அப்பாவுக்கு இறங்கியது 2.5 புள்ளி என்று இதை 2.5-ஆல் பெருக்கிப் பார்க்காதீர்கள், கணக்கு அப்படி வேலை செய்யாது. எனக்கு இதைவிடப் பிடித்தது 2008-ல் வந்த தொடர்ச்சி. ஆய்வு முடிந்த ஒரே வருஷத்தில், நன்றாகக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஹெச்பிஏ1சி வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. ஆனால் பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோதும், ஆரம்ப வருஷங்களில் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கே பாதிப்பு குறைவு. ஆரம்பத்தில் பட்ட கஷ்டத்தை உடம்பு கணக்கில் வைத்துக்கொள்கிறது. அப்பாவுக்கு இப்போதுதான் இரண்டாவது வருஷம், சரியான நேரத்தில் இறங்கியிருக்கிறார். அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். "பாஸ் பண்ணிட்டேன்" என்று அவர் சொன்னது வெறும் வாய்ச்சவடால் இல்லை.

இப்போது அந்த எண்ணை ஏன் ரொம்ப நம்பக் கூடாது என்பதற்கு வருகிறேன். அடுத்த முறை 7.1 வந்தால் என்ன செய்வீர்கள்? 6.9-க்கு மைசூர்பாக் என்றால் 7.1-க்கு இழவா? 0.2, 0.3 ஏற்ற இறக்கமெல்லாம் லேப் மெஷினிலேயே வரலாம், லேப் மாறினால் சொல்லவே வேண்டாம். அதனால் எப்போதும் ஒரே லேபில் எடுப்பது நல்லது. இரும்புச் சத்துக் குறைபாட்டு ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். சமீபத்தில் ரத்த இழப்போ, ரத்தம் ஏற்றியதோ இருந்தால் குறைத்துக் காட்டலாம். அப்பாவுக்கு ஹீமோகுளோபின் அளவு பார்த்து நாளாகியிருந்தால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் சராசரி என்பதே கொஞ்சம் ஏமாற்றும். சேப்பாக்கத்தில் ஒருவர் முதல் இன்னிங்ஸில் நூறு, அடுத்ததில் முட்டை அடித்தாலும் சராசரி ஐம்பது. இரண்டிலும் ஐம்பது அடித்தவருக்கும் ஐம்பதுதான். மத்தியானம் 240-க்கு ஏறி, விடியற்காலை 60-க்கு இறங்குகிறவருக்கும் ரிப்போர்ட் அழகாகத்தான் வரும். கிளிமிபிரைடு சுகரை அளவுக்கு மீறியும் இறக்கிவிடக்கூடிய மாத்திரை, அதைப் போடுகிறவருக்கு இந்த இறக்கம்தான் என் கவலை. சாப்பாட்டுக்கு முன்பு கை நடுக்கம், திடீர் வியர்வை, காரணமில்லாத எரிச்சல், ராத்திரி பனியன் நனைகிற மாதிரி வேர்த்து விழிப்பது, இதெல்லாம் உண்டா என்று அப்பாவிடம் கேளுங்கள். அம்மாவிடமும் கேளுங்கள், பல வீட்டில் மனைவிக்குத்தான் முதலில் தெரியும். நடுக்கம் வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மேல் ஷெல்ஃப் மைசூர்பாக் அந்த நேரத்துக்கு உதவாது. அதில் இருக்கிற நெய், சர்க்கரை ரத்தத்துக்குப் போவதைத் தாமதப்படுத்திவிடும். வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான் சட்டென்று வேலை செய்யும்.

சரி, மைசூர்பாக்குக்கே வருவோம்.

நம் ஊரில் நல்ல சேதி என்றால் வாயில் இனிப்பு. பிள்ளை பாஸானால், பெண்ணுக்கு வரன் அமைந்தால், பிளாட் ரெஜிஸ்டர் ஆனால், எல்லாவற்றுக்கும் கை தானாக ஸ்வீட் ஸ்டால் பக்கம்தான் போகும். உங்கள் அப்பா செய்தது அந்த வழக்கம்தான். அரைக் கிலோவையும் தானே உட்கார்ந்து தின்பதற்காக வாங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் துண்டை அம்மாவுக்குத்தான் நீட்டியிருப்பார்.

ஒரு துண்டு சாப்பிடலாமா? சின்னத் துண்டு ஒன்று சாப்பிடலாம், ஒரு நாள். அதனால் ஹெச்பிஏ1சி ஓடிப்போய் 9-ல் நிற்காது. எப்போது, எப்படி என்பதில்தான் விஷயம். மைசூர்பாக்கில் ஒரு பங்கு கடலைமாவுக்குச் சர்க்கரை சாதாரணமாக இரண்டு பங்கு போகும். சாயங்காலம் காலி வயிற்றில் காபியோடு சாப்பிட்டால் மோசம். மத்தியானச் சாப்பாட்டின் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அன்றைக்குச் சோறு வழக்கத்தில் பாதி போதும். பொரியல், கூட்டு, சுண்டல், முட்டை என்று இருப்பதை முதலில் சாப்பிட்டு, பிறகு சோறு, கடைசியில் ஸ்வீட். காய்கறியும் புரதமும் முதலில் உள்ளே போனால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். சாப்பிட்டதும் படுக்கையைத் தேடாமல் பத்துப் பதினைந்து நிமிஷம் நடக்கட்டும். மாடி வராந்தாவில் நடந்தாலும் போதும்.

குளுக்கோமீட்டர் இருந்தால் இது அவருக்கே ஒரு நல்ல பாடம். முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கட்டும், 180-க்குள் இருந்தால் சரி. நெய் நிறைய இருப்பதால் ஏற்றம் தாமதமாகவும் வரலாம். இரண்டு மணி நேரத்தில் 160 என்று பார்த்துக் குதித்தவருக்கு நாலு மணி நேரத்தில் 210 காட்டலாம். அதனால் அன்று மட்டும் இரண்டு தடவை குத்திப் பார்ப்பது நல்லது. ஒன்று மறக்க வேண்டாம்: மைசூர்பாக் எடுத்த விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். விரலில் ஒட்டியிருக்கிற சர்க்கரை ரத்தத் துளியில் கலந்து மீட்டர் 300 காட்டும், வீடே அலறும். இப்படி அலறி, ஆட்டோ பிடித்து கிளினிக்குக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கையைக் கழுவச் சொல்லி மறுபடி பார்த்தால் 165.

கூடவே செய்யக் கூடாத இரண்டு. "ஸ்வீட் சாப்பிடப் போறேன், இன்னிக்கு ஒரு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கிறேன்" என்பது ஒன்று. கிளிமிபிரைடில் இது விளையாட்டு இல்லை, ஸ்வீட் ஏற்றியது இறங்கிய பிறகும் மாத்திரை இறக்கிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, ஸ்வீட்டுக்கு இடம் விட ஒரு வேளைச் சாப்பாட்டையே விடுவது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் நடுக்கம் வந்து, அதற்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை தின்று, கணக்கே தலைகீழாகிவிடும்.

"அப்போ சுகர்ஃப்ரீ ஸ்வீட் வாங்கலாமா?" என்று அடுத்த கேள்வி வரும். என்னைக் கேட்டால் வேண்டாம். அதிலும் மாவு இருக்கிறது, நெய் இருக்கிறது. சர்க்கரைக்குப் பதில் போடுகிற மால்டிட்டால் மாதிரியானவை கொஞ்சமாவது சுகரை ஏற்றும், அதிகம் தின்றால் வயிற்றைக் கலக்கும். எல்லாவற்றையும்விட மோசம், "சுகர்ஃப்ரீதானே" என்று கை நாலு துண்டுக்குப் போவது. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன், பேரீச்சம்பழ அல்வா எல்லாமும் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். பிடித்த ஒன்றை, நல்ல கடையில் வாங்கி, ஒரே ஒரு துண்டை ருசித்துச் சாப்பிடுவது எவ்வளவோ மேல்.

மீதி டப்பாவை அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதிலும் கொஞ்சம் யோசனை தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 'இண்டியாப்' (INDIAB) என்ற ஆய்வு 2023-ல் வெளியிட்ட கணக்கில் இந்தியா முழுக்கப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சுகர், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், அதாவது ஏழு பேரில் ஒருவர். உங்கள் மாடியிலேயே இரண்டு பேராவது இருப்பார்கள். "அப்பாவுக்கு சுகர் குறைஞ்சிருக்கு, எடுத்துக்கோங்க அங்கிள்" என்று எதிர்வீட்டுச் சுகர்க்காரரிடம் மைசூர்பாக்கை நீட்டுவது நல்லாவா இருக்கும்? சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடாகப் பார்த்துக் கொடுங்கள்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது அவர்தான். எட்டு மாதமாக அந்த வீட்டில் சோறு குறைந்தது யாரால்? காலையில் ஏழெட்டு இட்லி மூன்றாகி, கூடவே ஒரு கிண்ணம் காய் வந்திருந்தால் அதை நறுக்கியது யார்? அப்பளம் பொரிக்காமல் சுட்டது யார்? அந்த 6.9-ல் பாதி அடுப்படியிலிருந்து வந்தது. அதனால்தான் டப்பாவைப் பார்த்ததும் அவ்வளவு கோபம், தான் கட்டிய சுவரில் இவரே கடப்பாரை போடுகிறாரே என்று. கோபம் நியாயம்தான். ஆனால் அப்பாவுக்கு அது, கஷ்டப்பட்டதை யாரும் பார்க்கவில்லை என்ற மாதிரி விழுந்திருக்கும். சுகர் இருக்கிற வீடுகளில் இந்தப் போலீஸ் வேலை ஆரம்பித்துவிட்டால், திருட்டுத்தனமும் கூடவே வரும். வீட்டில் சர்க்கரை இல்லாத டிகாக்‌ஷன், தெருமுனை டீக்கடையில் ஸ்ட்ராங்காக இனிப்புப் போட்ட டீ. வெளியில் தின்பது உங்கள் கண்ணுக்குப் படாது, மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட்டில்தான் தெரியும்.

நீங்கள் நடுவில் உட்கார்ந்து ஒரு வேலை செய்யுங்கள். பழைய ரிப்போர்ட்டையும் புதுசையும் இருவர் முன்னாலும் வைத்து, "இந்த எட்டு மாசத்துல எதெல்லாம் மாத்தினோம்?" என்று கேளுங்கள். அப்பா தன் நடையைச் சொல்வார், அம்மா குழம்பைச் சொல்வார், ராத்திரி ஒன்பதரைச் சாப்பாடு ஏழரைக்கு வந்ததை யாராவது சொல்வார்கள். கேலண்டர் பின்பக்கத்திலாவது எழுதி வையுங்கள். அடுத்த முறை எண் கொஞ்சம் ஏறினால், எது நழுவியது என்று பார்க்க அந்தக் காகிதம்தான் கைகொடுக்கும். அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுக்க வேண்டியது அப்பாவின் வேலை. ரிசல்ட் அவர் பேரில் வந்தாலும் இதை அவர் செய்தால் நன்றாயிருக்கும்.

சென்னையில் இன்னொரு விதக் கொண்டாட்டமும் உண்டு: வேண்டுதல். "சுகர் குறைஞ்சா திருப்பதிக்கு நடந்தே வரேன்", "வடபழனியில் அங்கப்பிரதட்சணம் செய்றேன்", "ஒன்பது செவ்வாய்க்கிழமை பட்டினி விரதம்" என்று எங்கள் கிளினிக்கில் கேட்டுக்கொண்டே இருப்போம். நம்பிக்கையில் குறுக்கே நிற்க நான் யார்? ஆனால் செருப்பில்லாமல் நடப்பதை மட்டும் சும்மா விட மாட்டேன். சுகர் இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மெல்ல மெல்லக் குறையலாம், குறைவது தெரியாது. சித்திரை வெயிலில் பிராகாரத்துக் கல் கொதிக்கும். மற்றவர்கள் துள்ளி நிழலுக்கு ஓடும்போது இவர் நிதானமாக நடந்து வருவார், பக்தி என்று நினைப்போம். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம், அது புண்ணாகி மாதக்கணக்கில் ஆறாது. பாதத்தில் மெல்லிய நைலான் இழையை அழுத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை ஒன்று இருக்கிறது, இரண்டு நிமிஷ வேலை. அதைச் செய்துகொண்டு, விடியற்காலையிலோ பொழுது சாய்ந்தோ போகட்டும். அப்போதும் வீடு வந்ததும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். பட்டினி விரதம் என்றால் மாத்திரை நேரத்தையும் அளவையும் டாக்டரிடம் கேட்காமல் இருக்கவே கூடாது. பிரசாதம் என்று வந்தால், திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் சர்க்கரைப் பொங்கலை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. உள்ளங்கை அளவு வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சாப்பிடட்டும். தொன்னையோடு வாங்கினால்தான் சாமி குறை நினைக்காது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

சரி, வாய்க்கு வெளியே என்னென்ன செய்யலாம்? நல்ல ஷூ ஒன்று வாங்கிக் கொடுங்கள். எட்டு மாதமாக நடக்கிறவருடைய பழைய ஷூவின் அடி தேய்ந்திருக்கும். சாயங்காலமாகக் கடைக்குக் கூட்டிப் போங்கள், பகல் முழுக்க இருந்த காலில் கொஞ்சம் வீக்கம் இருக்கும், அப்போது சரியாக இருக்கிற அளவுதான் சரியான அளவு. முன்பக்கம் அகலமாக இருக்கட்டும். சாக்ஸ் வெள்ளையாக எடுங்கள், எங்காவது கசிந்தால் கறை உடனே தெரியும். பாதத்தில் மதமதப்பு இருந்தால் சாதா ஷூ வேண்டாம், எம்சிஆர் செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடி வைத்தது) பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெரினாவுக்குப் போங்கள். தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல் மாதிரி சுகர்க்காரருக்குத் தோதான தெருத் தீனி இந்த ஊரில் வேறு இல்லை. வேகவைத்த பட்டாணியின் மேல் மாங்காயைப் பொடியாக நறுக்கித் தூவி, தேங்காய்ப் பூவையும் போட்டுப் பொட்டலத்தில் தருவார்கள். பட்டாணியில் நாரும் புரதமும் இருக்கிறது, மெதுவாகத்தான் சர்க்கரையாகும். ஒரு பொட்டலம் தாராளமாகச் சாப்பிடலாம். பக்கத்திலேயே மிளகாய் பஜ்ஜி பொரிகிற வாசனை வரும், அதைத் தாண்டி அப்பாவை நடத்திப் போவது உங்கள் சாமர்த்தியம். மணலில் செருப்போடு நடக்கட்டும், கிளிஞ்சலும் பாட்டில் துண்டும் கிடக்கிற இடம். பிரியாணிப் பிரியர் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கறியையும் முட்டையையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைப் பாதிப் பிளேட்டோடு நிறுத்தினால் ஒரு நாள் பிரியாணியால் ஒன்றும் குடி முழுகாது.

குடி என்றதும் நினைவு வருகிறது. அப்பாவின் நண்பர்கள் "பார்ட்டி எங்கே?" என்று கேட்டால் கவனம். கிளிமிபிரைடு போடுகிறவர் குடித்தால், கல்லீரல் அந்தச் சாராயத்தைச் சமாளிக்கிற வேலையில் இறங்கிவிடும், சுகர் இறங்கும்போது சர்க்கரையை எடுத்துவிட அதற்கு நேரம் இருக்காது. இரவு இரண்டு மணிக்குச் சுகர் விழும், பக்கத்தில் படுத்திருப்பவர் போதை என்று நினைத்துத் தூங்க விட்டுவிடுவார். இதில் எனக்கு நடுவழி கிடையாது.

கையில் நல்ல ரிப்போர்ட் இருக்கிற இந்த வாரம்தான் தள்ளிப்போட்ட டெஸ்டுகளையும் முடிக்கச் சரியான நேரம். சுகர் ஏறியிருக்கும்போது கண் டாக்டரிடம் போகச் சொன்னால் யாரும் போவதில்லை, பயம். இப்போது பயமில்லாமல் போகலாம். விழித்திரையை மருந்து விட்டு விரித்துப் பார்க்கிற பரிசோதனை வருஷத்துக்கு ஒருமுறை அவசியம். அதிலும் 9.4-லிருந்து வேகமாக இறங்கியவருக்கு இன்னும் அவசியம். முன்பே விழித்திரையில் பாதிப்பு இருந்தால், சுகர் சட்டென்று இறங்கும்போது அது சில காலம் கூடுதலாவது உண்டு. பிறகு சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், கொழுப்பு, பிரஷர் பாருங்கள். மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் போட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதையும் ஒருமுறை. 2021-ல் தமிழ்நாடு அரசு ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறவர்களும் இருப்பீர்கள், நல்ல விஷயம். ஆனால் விழித்திரைப் பரிசோதனைக்கு நாம்தான் தேடிப் போக வேண்டும்.

கடைசியாக மாத்திரை. தானாகக் குறைக்கக் கூடாது, ஒன்றைக்கூட. 6.9 வந்தது நடையும் உணவும் மாத்திரையும் சேர்ந்து. சுகர் தணிந்துவிட்டது என்று சொல்வதற்கு 2021-ல் சர்வதேச நிபுணர்கள் வகுத்த அளவுகோல் இருக்கிறது: மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் ஆன பிறகும் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருக்க வேண்டும். அப்பா இன்னும் அங்கே போகவில்லை, ஆனால் வழியில் இருக்கிறார். எடை இறங்கியிருந்தால், நடுக்கம் வருகிறது என்றால், டாக்டரே கிளிமிபிரைடு அளவைக் குறைக்க வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் முதலில் கை வைப்பது அதில்தான்.

அதனால் டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட், புது ரிப்போர்ட், இப்போதைய எடை, நடுக்கம் வந்த நாளும் நேரமும், ஒரு வாரத்துக்கு வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் எடுத்த அளவுகள், இவ்வளவையும் எழுதி எடுத்துப் போங்கள். சாப்பாட்டுக்கு முன்பு 80-லிருந்து 130, சாப்பிட்ட பிறகு 180-க்குள் என்பது பொதுவான இலக்கு. வயதுக்கும் மற்ற நோய்களுக்கும் தக்கபடி டாக்டர் மாற்றிச் சொல்லலாம். அடுத்த ஹெச்பிஏ1சி மூன்று மாதம் கழித்து எடுத்தால் போதும். மைசூர்பாக் என்ன செய்தது என்று பார்க்க அடுத்த மாதமே லேபுக்கு ஓடினால் காசுதான் வீண்.